காலியான குழம்புப் பாத்திரம்

பெங்களூரு அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அருள்தாஸ் கோலார் தங்கவயலில் பிறந்தவர். ஜெபிக்க அவருக்குக் கால்மணி நேரம் வேண்டும். "தகுதியில்லாத பாவி நான்" என்று தொடங்கி, கெஞ்சிக் கெஞ்சித்தான் முடிப்பார்.

அவரும் மனைவி எலிசபெத்தும் தத்தெடுத்த தாரணிக்கு எட்டு வயது. வந்து ஏழு மாதமாகியும், தண்ணீர் எடுக்கக்கூட "குடிக்கட்டுமா அங்கிள்?" என்பாள். மாலைக் குடும்ப ஜெபத்தில் அவள் முறை வந்தால் தினமும் ஒரே வரிதான்: "என்னை இந்த வீட்டுல வச்சிருக்கிறதுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே." அதைக் கேட்டாலே அருள்தாசுக்கு எரிச்சல் வரும். சொந்த வீட்டில் இருப்பதற்கு எந்தப் பிள்ளையாவது நன்றி சொல்லுமா?

போன திங்கட்கிழமை பட்டறையிலிருந்து திரும்பியவர், தனக்கென்று எடுத்து வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பைத் தேடினார். பாத்திரம் காலி.

"யாரு சாப்பிட்டது?"

"நான்தான்ப்பா," என்றாள் தாரணி, நோட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல். "ஸ்கூல்லேர்ந்து வந்ததும் செம பசி."

எலிசபெத் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அருள்தாஸ் காலிப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தார். கேட்காமல் எடுத்திருக்கிறாள். அதற்காகப் பயப்படவும் இல்லை.

அன்று ஜெபத்தில் தாரணி அந்த வரியைச் சொல்லவில்லை. கணக்குப் பரீட்சைக்காக மட்டும் வேண்டிக்கொண்டாள். அடுத்து அருள்தாஸின் முறை. இத்தனை வருடமாக ஜெபத்தில் தன் பரமத் தகப்பன் வீட்டு வாசலிலேயே அனுமதி கேட்டு நின்றோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அப்பா," என்று தொடங்கினார். வழக்கமான வார்த்தை எதுவும் வரவில்லை. "பசிக்குதுப்பா."

எலிசபெத் சிரித்தபடி ஆமென் சொல்லிவிட்டு, தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.