சூசைரட்ணத்தின் நாற்பது நாள் லீவு

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றதும் சூசைரட்ணம் செய்கிற முதல் காரியம், சட்டைக் கையை இழுத்துக் கைக்கடிகாரத்தை மறைப்பது. அதைக் கழற்றி வைத்துவிட்டு வரலாம். வரமாட்டார். காலைப் பெரட்டு எத்தனை நிமிடம் பிந்தித் தொடங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கணக்கப்பிள்ளை பொன்னையா செக்ரோல் புத்தகத்தை விரித்து, வேலைக்கு வந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார். தன் பெயர் வந்ததும் சூசைரட்ணம் "இருக்கேன்" என்கிறார். யாரோ அவரைத் திருடன் என்று சொல்லி, அதை மறுப்பது போன்ற குரல். இடுப்பில் சாக்கு, கையில் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, காலில் வெளிநாட்டுச் சப்பாத்து. பக்கத்தில் நிற்கிற அழகனிடமிருந்து தினமும் ஒரே கேலிதான்.

"என்னா கம்பியூட்டரு, இன்னைக்கு எத்தனை செடிய அமுக்கப் போறீங்க?"

சூசைரட்ணம் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறுவார். பதினொரு மணிக்குள் உள்ளங்கை கொப்பளித்துவிடும்.

பூண்டுலோயாவில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் ஏறினால் வருகிற இந்தத் தேயிலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் லயத்தில்தான் அவர் பிறந்தார். இப்போது வயது முப்பத்துநாலு. வருடத்தில் பத்தரை மாதம் பஹ்ரேனில், ஒரு கட்டடக் கம்பெனியின் கொம்பியூட்டர் அறையில் வேலை. வெளியே வெயில் கொளுத்தும். அறைக்குள், இயந்திரத்துக்குச் சூடு ஆகாது என்பதற்காக, நானுஓயா ஸ்டேஷனை விட மோசமான குளிர். நுவரெலியாச் சந்தையில் வாங்கிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பாலைவனத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பார். அலுமாரி உயரப் பெட்டிகளில் டேப் சுழல, நாலாயிரம் தொழிலாளரின் பெயர்கள் நீளத் தாளில் அச்சாகி மடிந்து விழும். ஒப்பந்தம் முடிந்த ஆளின் இலக்கத்தை அவர் அழித்தால், மறுநாள் அந்த ஆளுக்குக் கேம்ப்பில் கட்டில் இல்லை, சாப்பாடு இல்லை. ஒரு தடவை, தவறாக அழிபட்ட ஒரு கேரளத்துக்காரன் நேரிலேயே வந்து, இதோ இங்கேதானே நிற்கிறேன் என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினான். நிற்பது மட்டும் போதாது என்பதை அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது சூசைரட்ணம் சிரிப்பதில்லை. கேட்கிறவர்கள் சிரித்தால் எழுந்து போய்விடுவார்.

பெயர் இருந்தால்தான் ஆள் என்ற பாடத்தை அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இந்தத் தோட்டம். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை; அது தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவராவது பெயர் பதிந்து வேலை செய்தால் காம்பரா, இல்லாவிட்டால் வெளியே. அப்பா செத்த பிறகு அம்மா அந்தோனியம்மாவின் பெயரில் குடும்பம் நின்றது. மூன்று வருடங்களுக்கு முன் அவளுக்கு இரண்டு முழங்காலும் வீங்கி, கொழுந்துக் கூடையோடு சரிவில் உருண்டபோது, பெயரை வெட்டிவிட்டு வீட்டில் இருத்தினார் மகன். அடுத்த பெயர் யாருடையது? தங்கை சிசிலி ஹட்டனில் விடுதியில் தங்கி, பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். ஆகவே சூசைரட்ணம் தன் பெயரையே பதிந்தார். கொம்பியூட்டர் ஒப்பரேட்டர் ஒருவர் கவ்வாத்துத் தொழிலாளியானது இப்படித்தான்.

லீவு நாற்பது நாளும் பெரட்டில் நிற்பார். மற்ற மாதங்களில் அவருக்குச் சுகமில்லை என்று பொன்னையா எழுதிக்கொள்வார். அதற்குக் கூலியாக முதல் வருடம் ஒரு கசற் ரேடியோ போனது, அடுத்த வருடம் ஒரு சுவர்க் கடிகாரம். பொன்னையா கெட்டவரல்ல. வாங்கும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்கிற அளவுக்கு நல்லவர். சூசைரட்ணத்தையும் நல்லவர் என்று சொல்ல அவசரம் வேண்டாம். கையூட்டு வாங்குகிறவனைப் பற்றி ஒரு மணி நேரம் திட்டக்கூடியவர், கொடுக்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவருடைய கோபத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. விடிந்ததும் தண்ணீர்ப் பீலியில் தொடங்கும். இருபத்துநாலு காம்பராவுக்கு ஒரு பீலி. அதுவும் விரல் தடிப்பில் ஒழுகும். பிறகு கக்கூசு. அதைப் பற்றித் தோட்டத்தை நடத்துகிற கூட்டுத்தாபனத்துக்கு ஆங்கிலத்தில் பதினோரு கடிதம் போட்டிருக்கிறார். பதில் ஒன்றும் வந்ததில்லை. பத்து மணிக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிடும்போது, கடிதங்களை ஆபிஸில் பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கிற வழக்கத்தைப் பிடித்துக்கொள்வார். ஊரில் யாராவது விசாவைப் பற்றி வாய் திறந்தால் அன்றைய மிச்சம் முழுக்க அதற்கே போகும். அம்மாவையும் விடுவதில்லை. "எதுக்கெடுத்தாலும் தலையாட்டித் தலையாட்டியே நம்மள இங்க வச்சிட்டீங்க" என்பார். அந்தோனியம்மா அதற்கும் தலையாட்டுவாள்.

இந்த வருடம், எண்பத்தைந்தில், அவர் வந்து இறங்கியபோது தோட்ட நிர்வாகத்துக்குப் புதிய துரை வந்திருந்தார். இளவயதுக்காரர், புத்தகத்தை நம்புகிறவர். செக்ரோலைப் புரட்டி, இந்த ஆளுக்கு மூன்று வருடமாக என்ன வியாதி என்று கேட்டார். பொன்னையாவுக்கு வியாதியின் பெயர் தெரியவில்லை. அடுத்த திங்கட்கிழமைப் பெரட்டிலிருந்து சூசைரட்ணத்தின் பெயர் இல்லை என்று முடிவாயிற்று. அதே நாளில் வீட்டிலிருந்து வேறொரு பெயர் பதிந்து ஆள் வேலைக்கு நிற்க வேண்டும். இல்லையேல் காம்பராவை விட வேண்டும். வீட்டில் மிச்சம் இருந்த பெயர் சிசிலி. பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம். சூசைரட்ணத்தின் லீவில் மீதி இருந்தது எட்டு நாள்.

வெள்ளிக்கிழமை ஆபிஸுக்குப் போனார். தொழிலாளிகள் ஆபிஸுக்குள் போகும் வழக்கமில்லை; வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பேச வேண்டும். ஜன்னலில் நின்றார். கிளாக்கர் உள்ளே ஏதோ முணுமுணுக்க, துரையின் தலை நிமிர்ந்தது. பஹ்ரேனா? கொம்பியூட்டரா? உள்ளே வரச் சொன்னார். நாற்காலியைக் காட்டினார். அந்தத் தோட்டத்தில் முப்பத்துநாலு வருடத்தில் சூசைரட்ணம் உட்கார்ந்த முதல் ஆபிஸ் நாற்காலி அது. துரை ஆங்கிலத்தில், தனக்கு அக்காள் வழியில் ஒரு மருமகன் இருப்பதாகவும், கெட்டிக்காரன் என்றும், அவனுக்கு அங்கே ஒரு விசா எடுக்க முடியுமானால் செக்ரோல் விஷயம் அப்படியொன்றும் பெரிதல்ல என்றும் சொன்னார்.

சும்மா தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். பஹ்ரேன் போய் நாலு மாதம் இழுத்தடித்திருக்கலாம்; பரீட்சையும் முடிந்திருக்கும். அது அவருக்கும் தெரியும். ஆனால் அன்று காலை பீலியடியில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தவர் அவர். விசா கொடுக்கிறது அரபி, தான் ஒரு கூலிக்காரன், பஹ்ரேனிலும் கூலிக்காரன் இங்கேயும் கூலிக்காரன் என்றார். அத்தோடு நிறுத்தாமல், துரையின் மருமகனுக்குக் கவ்வாத்து வெட்டத் தெரியுமானால் இங்கேயே பெயர் பதியலாமே என்றும் கேட்டார். துரை கோப்புக்குத் திரும்பினார். ஆங்கிலம் நின்றது. "திங்கக்கிழமை" என்று தமிழில் மட்டும் சொன்னார். நாற்காலியிலிருந்து எழும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை நுவரெலியாவில் வாடகைக்கு ஓர் அறை தேடினார். ஆறு வீடு பார்த்தார். கையில் காசு இருந்தது. ஒரு வருட வாடகையை முன்னதாகவே தருகிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். ஆறாவது வீட்டுக்காரி நல்ல பெண். தேத்தண்ணி கொடுத்தாள். பெயரைக் கேட்டாள். தனக்கு ஒன்றுமில்லை, ஆனால் எண்பத்துமூன்று கலவரத்தில் பக்கத்துத் தமிழர் வீட்டுக் கூரை எரிந்ததைத் தன் கண்ணால் பார்த்தவள் என்றாள். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அவள்மீது கோபப்பட அவருக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை. அதுதான் அவரை அன்று அதிகம் வருத்தியது. கோபத்தையே ஆதாரமாகக் கொண்டு நடக்கிற மனிதனுக்கு, குற்றம் சொல்ல முடியாத மறுப்பு காலடி மண்ணையே எடுத்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வீட்டில் பேச்சு நடந்தது. ஹட்டனிலிருந்து வந்திருந்த சிசிலி, தான் பெயர் பதிவதாகவும், பரீட்சையை அடுத்த வருடம் எழுதலாம் என்றும் சொன்னாள். சூசைரட்ணம் கத்தினார். இந்த லயத்தில் அடுத்த வருடம் என்று சொன்ன பிள்ளைகள் எல்லாம் இப்போது எந்த மலையில் நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பக்கத்துக் காம்பராவில் பேச்சு நின்று, கேட்க ஆரம்பித்தது.

அந்தோனியம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"பேரு அவளோடதா இருக்கட்டும். மலைக்கு நான் போறேன்."

யாருக்கும் உடனே விளங்கவில்லை.

"புதுத் தொரைக்குக் கூடைதான் தெரியும். மூஞ்சியா தெரியும்? கணக்கப்புள்ளகிட்ட நான் பேசிட்டேன். சரின்னுட்டாரு."

"கால் என்னாத்துக்கு ஆகும்? ஏம்மா, இது மோசடிம்மா" என்றார் சூசைரட்ணம்.

"நீ மூணு வருசமா செஞ்சது என்னாவாம், பூசையா?"

சிசிலி சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சூசைரட்ணத்துக்குப் பதில் இருந்தது. ஒன்றல்ல, பல இருந்தன. கூட்டுத்தாபனத்துக்கு எழுதிய பதினோரு கடிதத்திலும் அவை இருந்தன. அவற்றில் ஒன்றுகூட அந்தக் காம்பராவுக்குள் சொல்லக்கூடியதாக இல்லை. தலையாட்டித் தலையாட்டியே கெடுத்தாய் என்று அவர் இத்தனை காலம் குற்றம் சாட்டிய அம்மா, தலையை ஆட்டாமல் எடுத்த முதல் முடிவு இது. தடுத்தால் தங்கை மலைக்குப் போவாள். தடுக்காவிட்டால் அம்மா. யாராவது ஒரு துரை, ஒரு கிளாக்கர், ஒரு வீட்டுக்காரி முன்னால் நின்றிருந்தால் கை நீட்டிக் காட்டியிருப்பார். அங்கே இருந்தவர்கள் அவர்கள் மூவர்தான். அந்தோனியம்மா அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

மறுநாள் சிசிலி முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய்விட்டாள். பெரட்டுக்களத்தில் மூடுபனி இன்னும் விலகவில்லை. அன்று சூசைரட்ணத்தின் பெயர் கிடையாது. ஆண்கள் வரிசையில் அவருக்கு இடமும் கிடையாது. பெண்கள் வரிசைக்குப் பின்னால், அம்மாவுக்கு இரண்டு அடி தள்ளி நின்றார். புதிய துரை பொன்னையாவின் பக்கத்திலேயே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அழகன் திரும்பிப் பார்த்தான்.

பொன்னையா பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். அம்மாக்கண்ணு. பேச்சியம்மா. ஒரு கணம் நிறுத்தி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "சிசிலி" என்றார்.

"இருக்கேங்க" என்றாள் அந்தோனியம்மா. ஐம்பத்தெட்டு வயதுக் குரல், நிதானமாக, சத்தமாக. துரையின் கண் புத்தகத்தை விட்டு நிமிரவில்லை. வரிசையில் இருந்த நாற்பது பெண்களில் ஒருத்தியும் தலையைத் திருப்பவில்லை. பொன்னையா அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கு, மூன்று வருடப் பழக்கமில்லாததால், அந்தோனியம்மாவின் இடுப்பிலிருந்து நழுவி ஒரு பக்கம் தரையில் இழுபட்டது. குனிய அவளால் முடியவில்லை. சூசைரட்ணம் இரண்டு அடி முன்னால் வந்து, ஈர மண்ணில் முழந்தாளிட்டு, படங்கைத் தூக்கி அவளைச் சுற்றி எடுத்து, கயிற்றின் இரண்டு நுனியையும் பின்னால் பிடித்து இழுத்தார்.

"மெதுவா இறுக்குடா" என்றாள் அவள், முன்னால் பார்த்தபடி. "மூச்சு முட்டுது."

அவர் இன்னொரு முடிச்சும் போட்டார்.