லீவுக் கடிதத்தில் ஒரு பெரிய சொல்

நடந்தவை, வரிசையாக:

1. எங்களோடு இருந்த தாய்மாமா ஒரு வெள்ளிக்கிழமை காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.
2. அம்மா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். பதினாறாம் நாள் காரியம்வரை அவருக்கு லீவு வேண்டும். கிடைக்காவிட்டால் நாலாம் நாளே வேலைக்குத் திரும்ப வேண்டும்.
3. தோட்டத்து மேனேஜர் தொரைக்குப் போகும் கடிதம் இங்கிலீஷில் இருந்தால்தான் எடுபடும் என்பது, வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் நம்பிக்கை.
4. லயத்தில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவள் நான் மட்டும். வயது பதினொன்று.

சனிக்கிழமைதோறும் இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு என்னை டியூஷனுக்குக் கூட்டிப் போனவர் மாமாதான். வகுப்பு முடியும்வரை மதிலோரம் நிற்பார். அங்கே ஒருநாள் டீச்சர், கவலையைச் சொல்லும் சொற்களைச் சின்னதிலிருந்து பெரியதாக எழுதிப் போட்டார். கடைசியில் இருந்தது ‘இன்கன்சோலபிள்’. அதைப் பயன்படுத்த எனக்கு ஒரு சந்தர்ப்பமும் வாய்க்கவில்லை. சொல்ல வெட்கம்தான்: சாவு வீட்டில் உட்கார்ந்து அதை எழுதியபோது உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

அம்மா கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொன்னார். வீடு நிறையப் பெண்கள். மூன்று நாளாக எங்கள் அடுப்பு எரியவில்லை. அவர்கள் வீட்டுச் சோறுதான் எங்களுக்கு.

“எங்க அம்மா, யாரு வந்து தேத்துனாலும் தேறாத நெலமையில இருக்காங்க.” என் பெரிய சொல் தமிழில் இப்படித்தான் வந்தது.

பக்கத்து வீட்டு அத்தை வெற்றிலையோடு நிமிர்ந்தார். “அடியாத்தி! அப்ப மூணு நாளா நாங்க இங்க குந்திக்கிட்டு என்னத்தக் கிழிச்சோமாம்?”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அத வெட்டிட்டு வேற போடு, பாப்பா.”

“இதுதாம்மா பெரிய சொல்லு. இதப் போட்டாத்தான் லீவு தருவாங்க.”

“லீவு கெடைக்கிறபடி கெடைக்கட்டும். இத்தன பேரு வந்து குந்தியிருக்காங்க. தேறலன்னு எழுதலாமா?”

புதுத் தாள் எடுத்து ‘வெரி சேட்’, ரொம்பக் கவலை, என்று மட்டும் எழுதினேன். டீச்சரின் பட்டியலில் அதுதான் ஆகச் சின்னது. அழுகை வந்தது, மாமாவுக்காக அல்ல, அந்தச் சொல்லுக்காக. தொரை ஒரு கேள்வியும் கேட்காமல் பதினாறாம் நாள்வரை லீவு கொடுத்தார்.

அம்மா சிரித்ததால் தேறிவிட்டார் என்று நினைத்தேன். என் சொல்தான் பிழை என்று பல வருடம் நம்பினேன். அது சரியான சொல் என்பதும், அம்மாவுக்கும் அது தெரியும் என்பதும், சோறு கொண்டு வந்தவர்களின் மனம் நோகக்கூடாது என்றுதான் அதை வெட்டச் சொன்னார் என்பதும் அன்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பெண்களையும், மதிலோரம் நின்ற மாமாவையும் இப்போது நன்றியோடுதான் நினைக்கிறேன்.

இன்றைய நிலைமை இது: மாமா போய்ப் பதினைந்து வருடம். அம்மா இன்னும் தேறவில்லை. அத்தை இன்னும் வருகிறார்.