காலையில் எடுத்த வெற்றிப் படம்

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு சுவரில் காலை வெயில் எப்படி விழுகிறது என்று பார்ப்பதற்காக ஈப்போவிலிருந்து கெடாவுக்குப் போனேன். லங்காவித் தீவு இருக்கும்போது செம்பனைத் தோட்டத்துச் சுவரைப் பார்க்கப் போகிறவனுக்குப் பைத்தியம்தான் என்றார் என் மனைவி. இருபத்தொன்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தேன். தலைமையாசிரியர் பதவிக்கான பட்டியலில் மூன்று முறை என் பெயர் ஏறியது, மூன்று முறையும் இறங்கியது. பைத்தியம் பிடிக்க எனக்கு வேறு காரணங்கள் உண்டு. இந்தப் பயணம் அவற்றில் சேராது. இதில் நான் ஜெயித்தேன்.

விஷயம் இதுதான். செர்டாங்கில் ஒரு பொது மண்டபத்தில் தோட்டத்து விளையாட்டு வரலாறு பற்றிய நிரந்தரக் கண்காட்சி ஞாயிறன்று திறப்பதாக இருந்தது. ஏற்பாடு செய்தவர் ரவீந்திரன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவருடைய தாத்தா தேவராஜன், அருகிலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது அலுவலகத்தின் தலைமை எழுத்தர். அதே தோட்டத்தில் என் தாத்தா சடையன் வெள்ளைக்காரர் கிளப்பின் திடலில் புல் வெட்டினார். கண்காட்சியின் முதல் பலகையை ரவீந்திரன் வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். வெள்ளைச் சட்டையும் பூட்ஸும் அணிந்த பதினொரு பேர், நடுவில் வெள்ளிக் கோப்பை. கீழே இப்படி எழுதியிருந்தது: “ஜப்பானியர் காலத்தில், மாலை ஐந்து மணி ஆட்டத்தில் லயத்து அணியை வென்ற கையோடு கிராணிமார் அணி.”

பொய். வென்றது லயத்து அணி, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் வாழ்ந்தவர்களின் அணி. ஒரே கோலைப் போட்டவர் என் தாத்தா. அந்தப் படத்தைக் காலையிலேயே எடுத்துவிட்டார்கள் என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். கூலிக்காரன் சொல், யார் கேட்பது? இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. பலகையைச் சுவரில் திருகிவிட்டால் அதுவே வரலாறாகிவிடும். என்னிடம் ஒரு நாள் இருந்தது.

ஈப்போவில் காலை 6.40 ரயில், கட்டணம் 24 வெள்ளி, அதாவது ரிங்கிட். பாரிட் புந்தார் நிலையத்தில் 8 மணிக்கு இறங்கினேன். நிலையம் பேராவில் இருக்கிறது, ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் கெடா. அங்கிருந்து செர்டாங் 20 கிலோமீட்டர், தோட்டம் இன்னும் 7. வாடகைக் காருக்கு நாள் முழுவதும் 150 வெள்ளி என்று பேசினேன். ஓட்டுநர் குணா முப்பது வயதுப் பையன். பேச்சு நிற்கவே இல்லை.

“என்னாண்ணே, அங்க சாமி கும்பிட போறீங்களா?”

“இல்ல தம்பி, ஒரு செவத்தப் பாக்கணும்.”

“செவத்தயா?” கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான். “அப்ப காச முன்னாடியே குடுத்துருங்கண்ணே.”

கொடுத்தேன். போகும் வழியில் அவனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

போருக்கு முன் அந்தத் திடலில் வெள்ளைத் துரைமார் விளையாடினார்கள். வாரத்தில் ஒரு நாள் கிராணிமாருக்கு அனுமதி. லயத்து ஆட்கள் அரிவாளோடு மட்டும் உள்ளே வரலாம், அதுவும் குனிந்தபடி. என் தாத்தா எட்டு ஆண்டுகள் அங்கே புல் வெட்டினார். ஒரு முறைகூட அந்தப் புல்லில் பந்து உதைத்ததில்லை. லயத்துக்காரர்கள் ரப்பர் பால் சேகரிக்கும் பால்கொட்டகைக்குப் பின்னால், சிரட்டைகளைக் கோல் கம்பமாக வைத்து ஆடினார்கள்.

ஜப்பான்காரன் வந்தான், துரைமார் ஓடினார்கள். புதிய ஜப்பானிய மேலாளர், இனி ஆசியர் எல்லாரும் ஒன்று, திடலும் எல்லாருக்கும் ஒன்று என்று பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், முழங்கினார். கிராணிமாருக்கும் லயத்துக்கும் பந்தாட்டம் அறிவித்தார். துரைமார் விட்டுப்போன வெள்ளிக் கோப்பைதான் பரிசு. அன்று மரவள்ளிக்கிழங்கு ஏற்ற வந்த லோரியில் பாரிட் புந்தாரிலிருந்து ஒரு படக்காரரும் வந்தார். லோரி நண்பகலில் திரும்பிவிடும், ஆட்டமோ மாலையில். தேவராஜன் யோசிக்கவே இல்லை. அலமாரியிலிருந்து கோப்பையை எடுத்து வரச்சொல்லி, ஆட்டத்துக்கு முன்பே வெற்றிப் படம் எடுத்துக்கொண்டார். சாக்குத் துணியைக் கால்சட்டையாகத் தைத்துப் போட்டிருந்த கூட்டத்திடம் தோற்க முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

தோற்றார். திடலில் ஆற்றோர மூலை ஒன்று, மேலே பச்சையாகவும் அடியில் சதசதவென்றும் இருக்கும். அங்கே விழும் பந்து உருளாது, அப்படியே நிற்கும். எட்டு ஆண்டுகள் அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நின்று புல் அறுத்தவருக்கு அது தெரியும். பந்தை வேண்டுமென்றே அந்த மூலைக்கு உதைத்துவிட்டு மெதுவாகப் போனாராம். பூட்ஸ் போட்ட தேவராஜன் முழு வேகத்தில் ஓடி, பந்தைத் தாண்டிச் சறுக்கி, ஆற்றோர வேலியில் போய் நின்றார். பந்து அங்கேயே கிடந்தது. தாத்தா அதைத் திருப்பிக் கோலுக்குள் உதைத்தார். கோல்!

குணா ஸ்டியரிங்கைத் தட்டினான். “அடி சக்க! அப்புறம் கப்பு எங்கண்ணே?”

அதுதான் எங்கள் ஆட்கள் செய்த வேலை. மேலாளர் சிரித்துக்கொண்டே, கோப்பை வேண்டுமா, ஒரு மூட்டை அரிசி வேண்டுமா என்று கேட்டார். கிழங்கு தின்று தின்று வயிறு ஊதிய பிள்ளைகள் லயத்தில் இருந்தார்கள். அரிசி என்றார்கள். கோப்பை அலமாரிக்குத் திரும்பியது, பிறகு தேவராஜன் வீட்டுக்குப் போனது. ஆதாரத்தை எங்கள் ஆட்கள் இரண்டு வேளை கஞ்சியாகக் குடித்துவிட்டார்கள். சில மாதங்களில் ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது அந்தப் பதினொரு பேரில் ஆறு பேர் போனார்கள். திரும்பியவர்கள் இருவர். பெயர்ப் பட்டியலை எழுதியது எந்த அலுவலகம் என்பதை நான் மறக்கவில்லை.

தோட்ட வாயிலை 9.10க்கு அடைந்தோம். காவலர் ஒரு மலாய்ப் பெரியவர். “சிக்கு இவரு, பாக் சிக்,” என்றான் குணா. பாக் சிக் என்பது பெரியவர்களை அழைப்பது; சிக்கு என்றால் ஆசிரியர். எந்த இனத்து ஆசிரியருக்கும் இங்கே அந்தச் சொல்தான். தடுப்புக் கம்பம் உடனே உயர்ந்தது. இருபத்தொன்பது ஆண்டு வேலையில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதுவும் ஒன்று.

ரப்பர் போய், தோட்டம் முழுக்க இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை; திடலிலும் பாதிக்கு அதுதான். கிளப் கட்டடம் உரக் கிடங்காகிவிட்டது. ஆனால் நிற்கிறது, திடலின் மேற்குப் பக்கத்தில், கிழக்கு நோக்கி. முன்சுவரின் வளைவு ஜன்னல்கள் படத்தில் உள்ளவையேதான். நான் வந்த காரணம் அந்தச் சுவரில் இருந்தது. ரவீந்திரனின் படத்தில் கிராணிமாருக்குப் பின்னால், அதே சுவரில் கொடிக்கம்பத்தின் நிழல் மெல்லிய கறுப்புக் கோடாக விழுந்திருக்கிறது. கிழக்கு நோக்கிய சுவரில் நிழல் விழ வேண்டுமானால் சூரியன் கிழக்கே இருக்க வேண்டும். நான்காம் வகுப்புப் பாடம்.

கொடிக்கம்பம் போய்விட்டது, சிமெண்டு பீடம் மட்டும் இருந்தது. பக்கத்து வரிசையில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளியிடம் அவருடைய நீளக் கம்பை மலாயில் கேட்டு வாங்கினான் குணா. நுனியிலிருந்த அரிவாளைக் கழற்றிவிட்டுச் சிரித்தபடி கொடுத்தார். குணா பீடத்தில் ஏறிக் கம்பைச் செங்குத்தாகப் பிடித்தான்.

“வெயிலு சுடுதுலாண்ணே, சீக்கிரம் படத்த எடுங்க!”

“ஆடாத தம்பி. இன்னும் கொஞ்சம் நேரா.”

மணி சரியாகப் பத்து. இரண்டாம் ஜன்னலுக்கும் மூன்றாம் ஜன்னலுக்கும் இடையே, பழைய படத்தில் விழுந்த ஏறக்குறைய அதே இடத்தில் நிழல் ஏறி நின்றது. கைப்பேசியில் எடுத்தேன்.

செர்டாங்கில் சாப்பிட்டுவிட்டு (வாழையிலைச் சாப்பாடு, மீனோடு 13 வெள்ளி, ரசம் பிரமாதம்) மறுபடி நான்கு மணிக்கு வந்தோம். ஜப்பானியர் தோக்கியோ நேரத்தை இங்கே திணித்தார்கள். அவர்களுடைய ஐந்து மணி, இன்றைய கடிகாரத்தில் நான்கு, போருக்கு முந்தைய கணக்கில் மூன்றரை. குணா மறுபடி பீடத்தில் ஏறினான். சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. முன்சுவர் முழுவதும் இருட்டு, கம்பின் நிழல் எதிர்த்திசையில் புல்லில் கிடந்தது. அதையும் படம் எடுத்தேன்.

“செவத்துல ஒண்ணும் இல்லண்ணே,” என்றான் குணா. பிறகு அவனுக்கே புரிந்தது. “ஐயோ! அப்ப அது காலைல எடுத்த படம்தான்! நாளைக்கு நானும் வர்றேன். காசு வேணாம்லா.”

இரவு பாரிட் புந்தாரில் படங்களை அச்செடுத்துக்கொண்டு அங்கேயே தங்கினேன், அறை 85 வெள்ளி. காலை எட்டரைக்கு மண்டபம். ரவீந்திரன் என்னைக் கண்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“சார், ஒங்க லெட்டர் கெடச்சிச்சி. வீட்டுக்கு வீடு ஒரு கத இருக்கும், எல்லாத்தயும் செவத்துல போட முடியுமா?”

“கத வேணாம். படத்தப் பாருங்க.” மூன்று படங்களையும் மேசையில் வரிசையாக வைத்தேன்: அவருடையது, என் பத்து மணி, என் நான்கு மணி.

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். “அப்ப தோக்கியோ டைம் சார். அஞ்சு மணின்னா பழைய நேரத்துக்கு மூணரைதான்.”

“மூணரைக்கு சூரியன் எந்தப் பக்கம்?”

பின்னாலிருந்து குணா சொன்னான்: “நானே கம்பப் புடிச்சிட்டு நின்னேன் அங்கிள். தோள்பட்ட இன்னும் வலிக்குது.” நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ரவீந்திரன் சிரிக்கவில்லை. படத்தை விரலால் தொட்டு, “வேர்வகூட இல்ல,” என்றார் தாழ்ந்த குரலில். “சட்டையில ஒரு சொட்டு சேறு இல்ல. சின்ன வயசுலேர்ந்து இதப் பாக்குறேன் சார்.”

அவர்மேல் அந்த நிமிடம் கொஞ்சம் இரக்கம் வந்தது. ஒரு நிமிடம்தான். பேனாவை எடுத்து நீட்டினேன். பழைய வாசகத்தின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி அவரே எழுதினார்: “ஆட்டத்துக்கு முன், காலையில் எடுத்த படம். அன்று மாலை வென்றது லயத்து அணி. கோல்: சடையன், புல்வெட்டுத் தொழிலாளி.” திறப்பு விழாவில் அதை ஒலிபெருக்கியில் வாசிக்கவும் வைத்தேன். கைதட்டியவர்களில் பாதிப்பேர் லயத்து வழிவந்தவர்கள். அவ்வளவு சத்தமாக யாரும் எனக்காகக் கைதட்டியதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: தோட்டத்தின் பெயரை எழுதவில்லை, காவலருக்குத் தொல்லை வேண்டாம். செர்டாங் சாப்பாட்டுக் கடைகளில் பழைய கிளப் திடல் எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள். பத்து மணிக்கு முன் போங்கள், தொப்பி அவசியம். ஆற்றோர மூலையில் காலணியோடு இறங்காதீர்கள். நான் இறங்கினேன், இடது செருப்பு இன்னும் அங்கேதான். சாப்பாடும் அறையும் உட்பட மொத்தச் செலவு 350 வெள்ளியைத் தாண்டவில்லை.

மண்டபத்தில் அனுமதி இலவசம். கிளம்பும்போது, உங்கள் அணியின் படம் இருக்கிறதா என்று ரவீந்திரன் கேட்டார். எங்கள் ஆட்களை யாரும் படம் எடுக்கவில்லை. தேவையும் இல்லை. அந்தப் பலகை முன் நிற்கும்போது கோப்பையைப் பார்க்காதீர்கள். பின்சுவரில் அந்தக் கறுப்புக் கோட்டைப் பாருங்கள். அதன் முன்னால் பதினொரு பேர், மாலையில் என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.