இரண்டு பக்கமும் எழுந்த வால்

காலையில் நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இடைசெவல் சுடலைமுத்துவிடமிருந்து போன் வந்தது. நாற்கரச் சாலை ஓரம் செம்மறி மேய்ப்பவர். மழைக்கும் ஆட்டு விலைக்கும் தவிர அவர் என்னை அழைத்ததில்லை. “அண்ணாச்சி, டாக்டரம்மா போயிட்டாவளாம். ஒறக்கத்திலேயே. பால்காரன் சொல்லுதான். நான் கண்ணால பாக்கலை, நீங்க விசாரிச்சுச் சொல்லுங்க” என்றார். அந்தக் கடைசி வாக்கியம் டாக்டரம்மா அவருக்குப் பழக்கியது. விசாரித்தேன். செய்தி உண்மைதான்.

கால்நடை மருத்துவர் பொன்னுத்தாயை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கோவில்பட்டியைச் சுற்றி அவர் கைபடாத தொழுவம் குறைவு. மாட்டைப் பிடித்து வருபவர் “வயித்துக் கோளாறும்மா” என்றால், “அதைச் சொல்ல நான் இருக்கேன். நீ என்ன பாத்தே, அதைச் சொல்லு” என்பார். நிருபரான எனக்கு வாய்த்த பத்திரிகை ஆசிரியர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை.

பணி ஓய்வு பெற்றதும் கோயம்புத்தூரில் யாரிடமோ ஒரு பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தார். பச்சை நிறம். இரண்டே பேர் உட்காரலாம். ஏன் அக்கா இது என்று கேட்டேன். “பின்சீட்டு இருந்தா எவனாவது கன்னுக்குட்டியை ஏத்திருவான்” என்றார். வாங்கிய வாரமே குளத்தூரிலிருந்து திரும்பும்போது முன்சீட்டில் ஒரு ஆட்டுக்குட்டி உட்கார்ந்து வந்தது. கால் முறிந்த குட்டி. “பெல்ட் போட்டிருந்தேன், சட்டப்படி தப்பில்லை” என்றார்.

அந்தக் காரின் பின்மூடியோடு ஒட்டி ஒரு பட்டை படுத்திருக்கும். வேகம் எண்பதைத் தாண்டினால் தானாக எழுந்து நிற்கும்; வேகம் நன்றாகக் குறைந்தால் தானாகப் படுத்துக்கொள்ளும். ஓடுகிற வேகத்தில் காற்று பின்பக்கத்தைத் தூக்கிவிடாமல் அழுத்திப் பிடிப்பதற்கு வைத்தது. ஸ்பாய்லர் என்று பெயர். நம் ஊரில் எல்லோரும் வால் என்றார்கள். ஒரு நாள் வால் கோளாறானது. வேகம் எடுத்தால் போதும், ஸ்டியரிங் முன்னால் எச்சரிக்கை விளக்கு எரியும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கதிருக்கு இது தெரிந்துவிட்டது. பின்பக்கம் நிலைகொள்ளாத வண்டியை இந்த வயதில் அம்மா ஓட்டுவதா என்று அவருக்குக் கவலை. “தீபாவளிக்கு வருவேன். அப்பவும் விளக்கு எரிஞ்சா சாவியை நான் கொண்டுபோயிருவேன்” என்றார். “எரியலைன்னா?” என்று கேட்டார் அக்கா. “அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்.” இவர் ஒப்புக்கொண்டார். எதற்கும் அசராத அக்கா அந்த ஐப்பசியில் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

மெக்கானிக் பாலமுருகன் ஷெட்டில் வண்டியை நிறுத்தி சுவிட்சைப் போட்டால் வால் சமர்த்தாக எழுந்தது. “நல்லாத்தானே இருக்கு. வாலை போல்ட்டு போட்டு முடுக்கிட்டு, பல்பைக் கழட்டிருவோம்மா. விளக்கே எரியாது” என்றார் பாலமுருகன். “மாடு கத்துதுன்னு வந்தா அதுக்கு வாயையா கட்டுவேன்லே?” என்று கேட்டுவிட்டு, அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஓடும்போதுதான் கோளாறு. ஓட்டுபவருக்கோ பின்கண்ணாடியில் வானம்தான் தெரியும். பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இடைசெவலுக்குச் சாலை பிரியும் விலக்கு அருகே நான் நாற்கரச் சாலையின் நடுத்திட்டில் அரளிச் செடிகளுக்குள் நின்றேன். ஆட்டை வயலில் விட்டுவிட்டு சுடலைமுத்து இடப்பக்க ஓரத்தில் நின்றார். வால் எழுந்தால் துண்டைத் தூக்க வேண்டும். கார் எங்கள் இருவருக்கும் நடுவே போயிற்று. நான் தூக்கினேன். அவர் சும்மா நின்றார். அடுத்த முறையும் அப்படியே.

அக்கா வண்டியை ஓரங்கட்டினார். “என்ன நிருபரே, ஒருத்தர் தூக்குதீரு, ஒருத்தன் பாத்துக்கிட்டே நிக்கான்?”

“எந்திரிச்சுதுக்கா. நல்லாப் பாத்தேன்.”

“எங்கன எந்திரிச்சுது?” என்றார் சுடலைமுத்து. “பேப்பர்காரவிய பாத்தா எல்லாம் எந்திரிக்கும்மா. செத்த பாம்பு கூட எந்திரிக்கும்.”

“உனக்குக் கண்ணு தெரியலைங்கேன்.”

“எண்ணூறு ஆட்டுல எவன் ஆடு எதுன்னு சொல்லுவேன் அண்ணாச்சி. ஒரு வாலு தெரியாதா?”

அக்கா நான் நின்ற இடத்தைப் பார்த்தார். சுடலைமுத்து நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு பானெட்டைத் தட்டிச் சிரித்தார். “சண்டை போடாதீய. நீரு பாத்தது வலது பக்கம், அவன் பாத்தது இடது பக்கம். ரெண்டு பேரும் பாத்ததைத்தான் சொல்லுதீய. வலது எந்திரிக்கு, இடது நொண்டுது.”

பாலமுருகன் இடப்பக்கத்தைப் பிரித்தார். நடுவில் இருக்கும் மோட்டாரிலிருந்து இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு கேபிள் சுழல்கிறது. இடது கேபிளின் முனை தேய்ந்து, காற்று அழுத்தும்போது வழுக்கியிருக்கிறது. அது திருப்பும் திருகு மரையிலோ கரிசல் தூசியும் மசகும் கலந்து சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. “எவன்யா இவ்வளவு மசகை அப்புனான்?” என்றார் பாலமுருகன். “நான்தான். போன கோடையில” என்றார் அக்கா. “வண்டிச் சக்கரத்துக்குப் போடுதோமே, அதேதானேன்னு நெனச்சேன். நெனச்சதுதான் தப்பு.” பல் துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் முக்கி அவரே தேய்த்தார். பாலமுருகன் கேபிளின் உறையைச் சற்று வெட்ட, தேயாத பாகம் உள்ளே போய்க் கவ்விக்கொண்டது.

தீபாவளிக்கு முந்திய நாள் கதிர் அம்மாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நாங்கள் பழைய இடங்களில் நின்றோம். கார் பறந்தது. இரண்டு துண்டுகளும் மேலே போயின. திரும்பி வந்து நின்றபோது கதிர் பேசவில்லை. “விளக்கு எரிஞ்சுதாய்யா?” என்று சுடலைமுத்து கேட்டார். “அவன்கிட்ட கேக்காதே, வாயே திறக்க மாட்டான், பேச்சு அப்படி” என்றார் அக்கா. கதிர் சிரித்துவிட்டார்.

அதன் பிறகு சாகும்வரை அக்காவே ஓட்டினார். மந்தையைக் கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பார். “ஆடு ரோட்டைப் பாக்காது, முன்னால போற ஆட்டைத்தான் பாக்கும்” என்பார். வேகம் குறைந்ததும் வால் படுத்துவிடும். டாக்டரம்மா கார் தன் ஆடுகளுக்கு மரியாதை செய்வதாகச் சுடலைமுத்து ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

காரியம் முடிந்து காரைப் பெங்களூருக்கு எடுத்துப் போகும் காலையில் கதிர் என்னை அழைத்தார். “ரெண்டு பக்கமும் ஆள் வேணும்னு அம்மா சொல்லுவாங்க.” நின்றோம். இரண்டு துண்டுகளும் எழுந்தன. திரும்பி வந்தவரிடம் சுடலைமுத்து சொன்னார்: “வால் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஓரமா என் ஆடு நின்னுது. அவிய ஓட்டுனா வால் படுத்திருக்கும். இது நிமிந்தவாக்குலயே போயிட்டு.” கதிர் வண்டியைத் திருப்பினார். யாரும் கேட்காமலேயே இன்னொரு முறை போனார். மந்தை வந்ததும் வேகம் தணிந்தது. வால் படுத்தது, இரு பக்கமும் ஒன்றாக.

இப்போதெல்லாம் ஒரு செய்தி எனக்கு உறுதியாகத் தெரிகிறபோது, சாலையின் மறுபக்கத்தில் யார் நின்றிருப்பார் என்று தேடிப் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். அது அக்கா கொடுத்தது. என் ஸ்கூட்டர் நாற்பதைத் தாண்டாது; எழவும் படுக்கவும் அதன் பின்னால் எதுவுமில்லை. இருந்தாலும் இடைசெவல் விலக்கில் ஆடுகளைக் கண்டால் கை தானாகவே வேகத்தைக் குறைக்கிறது. பனையடியிலிருந்து சுடலைமுத்து துண்டைத் தூக்கிக் காட்டுகிறார்.