தேதியை யாரும் பார்க்கவில்லை

ஒரு திங்கட்கிழமை காலை மதுராந்தகத்தில் எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டபோது, திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் கொடுத்தால் திறப்போம் என்று நடுவில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் அப்போது அங்கே வரவேற்பில் இருந்தேன். முதலாளியை சார் என்போம். குழந்தைகளிடம் பேச்சுக் கொடுத்தபடியே, அவர்கள் அழ ஆரம்பிப்பதற்குள் ரத்தம் எடுத்துவிடுவார். கம்ப்யூட்டர் மட்டும் அவருக்கு வராது. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு, மகளின் பெயர். மருந்துக் கம்பெனி பில் என்று வந்த மின்னஞ்சலை அவர் நம்பித் திறந்ததில்தான் வினை உள்ளே வந்திருந்தது.

செங்கல்பட்டுக்குப் போய் சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுத்தோம். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டார். "பணம் மட்டும் கட்டிடாதீங்க. தனியா ஒரு காப்பி வெச்சிருந்தா கம்ப்யூட்டர சரி பண்ணிக்கலாம். ஆனா அவன் கைக்குப் போனத யாராலயும் திருப்பி வாங்க முடியாது சார்." எங்களிடம் காப்பியும் இல்லை.

பணம் வராத கோபத்தில், கோப்புகளைப் பூட்டியவர்கள் சிலருடைய ரிப்போர்ட்டுகளை எடுத்து, எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த போன் எண்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். அதில் ஒன்று, கருங்குழியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இட்லிக் கடை வைத்திருந்த அக்காவுடையது. காசநோய் இருப்பதாகச் சொன்ன ரிப்போர்ட். அது இரண்டு வருடம் பழையது. ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு அவர் எப்போதோ குணமாகிவிட்டார். தேதியை யாரும் பார்க்கவில்லை.

அக்கா எங்களைத் தேடி வந்தார். சத்தம் போடவில்லை. "காலைலேந்து ஒரு இட்லி போவல சார். எல்லாரும் என்னியே பாத்துகினு போறாங்க. இன்னாத்துக்கு சார் வெளிய வுட்டீங்க?"

"நான் யாருக்கும் சொல்லலம்மா" என்றார் சார். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையால் யாருக்கு என்ன பயன்?

சாரே அக்காவுக்கு மறுபடி சளிப் பரிசோதனை செய்தார். நோய் இல்லை என்ற புது ரிப்போர்ட்டைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கடை வாசலில் மாட்டினார். அதன்பின் தினமும் காலையில் நாங்கள் இருவரும் எல்லோர் கண்ணிலும் படும்படி நின்று அங்கே சாப்பிட்டோம். சார் வேண்டுமென்றே இன்னும் இரண்டு இட்லி கேட்பார். எங்கள் பக்கத்தில் யாரும் வந்து நிற்கவில்லை. ஒரு நாள் வெளியூர் லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். வாசலில் இருந்த தாளைப் படித்தார். பிறகு தண்ணீர் பாட்டில் மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியேறினார்.

அன்றே அக்கா அந்தத் தாளைக் கழற்றி சார் கையில் கொடுத்தார். "வுடு சார். இத்த மாட்னதுல தெரியாதவனுக்கும் தெரிஞ்சி போச்சு." சார் அதை வாங்கி மடித்துக்கொண்டார்.

இப்போது நான் செங்கல்பட்டில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை செய்கிறேன். ஒரு ரிப்போர்ட்டைத் திறப்பதற்குள் இரண்டு பூட்டுகளைத் தாண்ட வேண்டும். சார் நிலையத்தை மூடிவிட்டார். அக்காவும் ஊரைவிட்டுப் போய்விட்டார். போன மாதம் அவருடைய தங்கையைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். அக்கா எங்கே இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லா கீது. கடை போட்டுக்கீது" என்றாள். எந்த ஊர் என்று கேட்டேன்.

"அங்க யாருக்கும் தெரியாது. அப்டியே இருக்கட்டும்."