மெக்கானிக் இறக்கிய காய்ச்சல்

'பிரிக்காத மெக்கானிக்' என்றால்தான் ஊரில் அவரைத் தெரியும். எந்த பைக் வந்தாலும் காது வைத்துக் கேட்பார், தட்டுவார், முறுக்குவார். இன்ஜினை மட்டும் லேசில் திறக்க மாட்டார். "ஒரு தடவை பிரிச்சா கம்பெனி ஃபிட்டிங் திரும்ப வராதுங்க" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதரின் எட்டு வயது மகளுக்கு, டைபாய்டு முற்றி மண்ணீரலில் சீழ் கட்டிவிட்டது.

"கத்தி வைக்காம, ஊசி மருந்துலயே கரைக்கப் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. "காய்ச்சல் இறங்குதான்னு தினம் பாக்கணும். எதுக்கும் கேக்கலைன்னாதான் ஆபரேஷன்."

மனிதர் காதில் ஏறியது கடைசி வார்த்தை மட்டும்தான்.

விற்க வரும் பழைய வண்டிகளுக்கு, ஓடிய கிலோமீட்டர் குறைவாகத் தெரிய மீட்டரைத் திருப்பிப் பழகிய கை அல்லவா! நர்ஸ் தெர்மாமீட்டரோடு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், சட்டைப்பையிலிருந்து காய்ச்சல் மருந்தை எடுத்து மகளுக்கு ஊற்றிவிடுவார். "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, கண்ணு. தெரிஞ்சா வயித்தைக் கிழிச்சுடுவாங்க." நர்ஸ் எழுதும் சீட்டில் காய்ச்சல் சமர்த்தாக இறங்கியது.

ஏழாம் நாள் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்தார். "மருந்து கேட்டுடுச்சு. மாத்திரைக்கு மாத்திடலாம். நாளைக்கு வீட்டுக்குப் போங்க, அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்தா போதும்."

மெக்கானிக்குக்கு வியர்த்துக் கொட்டியது. தான் ஊற்றிய மருந்தின் வேகம் தணிந்ததும் பிள்ளை எப்படிக் கொதிக்கிறாள் என்று அவருக்கல்லவா தெரியும்! சொன்னால் ஆபரேஷன், சொல்லாவிட்டால் சீழோடு வீடு. ஜன்னலில் கம்பி, கட்டிலில் கம்பி, தலைமாட்டில் டிரிப்ஸ் கம்பி. ஓடவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பாவி மனிதர், தானே வைத்த பொறியில் வசமாக மாட்டிக்கொண்டார்.

கடைசியில் காய்ச்சல் மருந்து பாட்டிலை எடுத்து டாக்டரம்மா முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னார்.

"ஐயோ, என்னங்க இது! காய்ச்சல் இறங்கலைன்னா முதல்ல மருந்தைத்தாங்க மாத்துவோம். நாலாம் நாளே மாத்தியிருப்பேனே!"

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். சீழ்க்கட்டி முன்னைவிடப் பெருத்திருந்தது.

"இப்பவும் வயித்தைத் திறக்க வேண்டாம். ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசியால சீழை உறிஞ்சிட்டு, வேற மருந்து ஏத்துவோம். ஆனா இனிமே எனக்கு நிஜக் காய்ச்சல்தான் தெரியணும்."

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சீழை உறிஞ்சினார்கள், புது மருந்து ஏறியது. மாலையில் நர்ஸ் வந்து தெர்மாமீட்டரை நீட்டினார். மகள் கையைத் தூக்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்து, விலாவோடு கையை இறுக்கிக்கொண்டாள்.

"எனக்குக் காய்ச்சலே இல்லப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள், நடுக்கத்தில் பல் கிடுகிடுக்க.