அலுமினியச் சட்டம்

என் அக்காவின் முகத்தைவிட அவளுடைய எலும்புகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன் என்று மருத்துவமனையில் கேலி செய்வார்கள். நான் எக்ஸ்ரே எடுப்பவள். அக்கா லிஃப்ட் மெக்கானிக். மாடி மாடியாக ஏறி, இருட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்து, கிரீஸ் படிந்த கையோடு வீடு திரும்புகிறவள். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்ததும் அந்தக் கைதான். அப்போதெல்லாம் அவளிடம் ஜாக்கிரதை என்று சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. லிஃப்ட் குழியில் விழுந்தால் அது பிழைப்பு. மலையிலிருந்து பறந்தால் அது திமிர். ஊர் நியாயம் இப்படித்தான்.

நாற்பது வயதுக்கு மேல் பாராகிளைடிங் பழகினாள். துணியால் ஆன இறக்கை, அதிலிருந்து இறங்கும் மெல்லிய கயிறுகள். மடித்து முதுகில் மாட்டிக்கொண்டு எங்கேயும் போகலாம். ஒரு நாள் உச்சி வெயிலில் காற்று நிலைகொள்ளாமல் அடித்தபோது இறக்கையில் பாதி மடங்கிவிட்டது. மரத்தில் மோதி விழுந்தாள். இடுப்பெலும்பில் முறிவு. படத்தை நான்தான் எடுத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு நல்லவேளை இயந்திரம் பற்றி எரியவில்லை.

வார்டில் மகன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இனிமேல் பாராகிளைடரைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னான். அக்கா மறுபேச்சில்லாமல் செய்துகொடுத்தாள். இவ்வளவு லேசில் அடங்குகிறவள் இல்லையே என்று எனக்கு அப்போதே பொறி தட்டியது.

எலும்பு கூடியதும் ஒரு ஹாங் கிளைடரை வாங்கி வந்து நிறுத்தினாள். அலுமினியக் குழாயில் சட்டம் கட்டி, அதன்மேல் துணியை விறைப்பாக இழுத்துப் போர்த்திய இறக்கை. மடக்கினாலும் ஏணி நீளம் இருக்கும்; என் வேனின் கூரையில்தான் கட்டியாக வேண்டும். வாக்குத் தவறவில்லையாம் அவள், பாராகிளைடரைத் தொடவே இல்லையாம். மகன் போட்ட சட்டத்தை அலுமினியச் சட்டத்தை வைத்தே உடைத்தாள்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. எதில் ஆபத்து அதிகம் என்று கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் வாதாட உட்கார்ந்தான். சட்டம் இருப்பதால் நடுவானில் அப்படி மடங்காது, அதை ஒப்புக்கொண்டான். ஆனால் வேகம் அதிகம். தலை முன்னால் போகும். இறங்கும்போது கை முறியும், தோள் முறியும். எல்லாவற்றுக்கும் மேலே கொக்கி. பாராகிளைடரில் கயிறுகள் உடம்போடு பிணைந்திருந்தால்தான் துணியே மேலே எழும்பும். இதில் இறக்கையைத் தோளில் சுமந்துகொண்டு ஓட வேண்டும். உடம்பில் கட்டிய பட்டையின் கொக்கியை இறக்கையில் மாட்ட மறந்துவிட்டும் ஓடலாம். பல வருடம் பறந்தவர்களே அப்படி மலை விளிம்பைத் தாண்டி ஓடியிருக்கிறார்கள் என்றான்.

மறக்காமலிருந்தால் போயிற்று என்றாள் அக்கா, தட்டை வழித்தபடி.

அன்றோடு அவன் அவளிடம் பேச்சை நிறுத்தினான். பறப்பதை விடும்வரை பேசமாட்டேன் என்று என் மூலம் சொல்லி அனுப்பினான். இருவரும் இருப்பது ஒரே வீடு. சமையலறையில் உப்பு எங்கே என்று கேட்க எனக்குப் போன் வரும். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி.

பிறகு அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. ஒரு வார்த்தை பேசாமலே கிளம்பிவிடுவானோ என்று அக்கா உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். அதற்காகப் பறப்பதை விடவும் மாட்டேன் என்றாள். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் இறக்கையையும் மலையில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். ஏதோ சாமான் ஏற்ற வேண்டும் என்று பொய் சொல்லி அவனை வேனில் ஏற்றி மலைக்கே கொண்டுபோனேன்.

கூடப் பறப்பவர்கள் நடுவே அக்கா கொக்கி மாட்டித் தயாராக நின்றாள். மகனைக் கண்டதும் அதைக் கழற்றிவிட்டு ஓடி வந்தாள். சாப்பிட்டாயா என்றாள், வந்ததே போதும் என்றாள். அவன் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்றான். அவள் முகம் சுண்டிப்போனது. விறுவிறுவென்று திரும்பிப்போய்ச் சட்டத்தைத் தோளில் தூக்கினாள். ஓடுவதற்கு முன் பட்டையில் படுத்துத் தொங்கிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் ‘மாட்டியாச்சு’ என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் ஓட வேண்டும். அங்கே அதுதான் விதி. அன்று அவள் தொங்கவும் இல்லை, யாரையும் கேட்கவும் இல்லை. ஓட ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் முதுகில் கொக்கி வெறுமனே ஆடியதை அவன்தான் பார்த்தான்.

“அம்மா, கொக்கி மாட்டல!”

விளிம்புக்குச் சற்று முன்னால் இறக்கையின் மூக்கைத் தரையில் குத்தி நின்றாள். அவன் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“இதத்தான நான் அன்னைக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்” என்றான்.

“ஆமா, அடிச்சுக்கிட்ட. இப்ப நீயே மாட்டி விடு.”

இத்தோடாவது விட்டுவிடுவாள் என்று நினைத்திருந்தேன். அவளை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

“துணி மடங்கினப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியலடா. விழுந்தேன், அவ்வளவுதான். இது என் தப்பு. என் தப்ப நான் திருத்திக்குவேன். காத்து பண்ற தப்ப யாரு திருத்துறது?”

அவன் கொக்கியை மாட்டினான். அவள் படுத்துத் தொங்கினாள். பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தான். அவள் எழுந்து சட்டத்தைத் தோளில் தூக்கிக் காத்திருந்தாள். சொல்ல வேண்டிய சொல்லை மட்டும் அவன் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அவள் போக மாட்டாள் என்பது அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. இவ்வளவு நாள் பலிக்காத மௌனம் இப்போது பலிக்கும்.

அவளுக்கும் அது புரிந்தது. “நீ சொல்லாம ஓட மாட்டேன்” என்றாள். “ஆனா இதக் கீழயும் வைக்க மாட்டேன்.”

சட்டத்தின் கனம் முழுவதும் அந்த முறிந்து கூடிய இடுப்பில் இறங்கியது. கால்கள் நடுங்க ஆரம்பித்தன. வாங்கிக்கொள்ள வந்தவர்களைத் தலையை ஆட்டி விலக்கினாள். மகன் அவளுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாட்டியாச்சு” என்றான் கடைசியில்.

“காதுல விழல.”

“மாட்டியாச்சும்மா. போங்க.”

ஓடினாள். தரை முடிந்த இடத்தில் இறக்கை அவளை வாங்கிக்கொண்டது. அவன் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

“எங்க இறங்குவாங்க சித்தி? வண்டிய எடுங்க, சீக்கிரம்.”